நடுவுல ஒரு சேவல்

கூடையை மடியில வச்சுக்கங்கம்மா, சேவல் என் முதுகுல கொத்துது, நீங்களும் என்னைப் பிடிக்காம உக்காந்து வர்றீங்க, பள்ளத்துல தூக்கிப் போட்டா நான்தான் பதில் சொல்லணும். இதைத்தானே சொல்றே? நக்காசெரோ மார்க்கெட் வாசல்ல ஏறினதுலேர்ந்து இதோட மூணாவது தடவை. நானும் மூணாவது தடவையா சொல்றேன், கேட்டுக்கோ தம்பி. கூடை நடுவுலதான் இருக்கும். சேவல் கொத்தினா கொத்தட்டும், உயிர் இருக்கற சேவல், கொத்தத்தான் செய்யும். நான் பின்னாடி கம்பியைக் கெட்டியாப் பிடிச்சிருக்கேன். எனக்கு அது போதும்.

என்ன, எல்லாரும் தோளைத்தான் பிடிச்சுக்குவாங்களா? எல்லாரும் செய்யறதையே நானும் செய்யணும்னா என்னை எதுக்குப் பன்னெண்டு வருஷம் கான்வென்ட்ல போட்டு வச்சாங்க? சிஸ்டர் போனிஃபாஸ்னு ஒருத்தங்க இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை கோயில் பெஞ்சுல ஒரு பையன் பக்கத்துல உக்காரும்படி ஆயிட்டா, நடுவுல பாட்டுப் புஸ்தகத்தை நிக்க வைக்கணும்பாங்க. எனக்கு இப்ப அம்பத்திரண்டு வயசு. பாட்டுப் புஸ்தகத்துக்குப் பதிலா சேவல் நிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். சிரிக்காதே. ரோட்டைப் பாரு.

பள்ளம்! பள்ளம்! ஆமா, பாத்துட்டே, நான்தான் லேட்டாக் கத்தினேன்.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் என்ன கத்து கத்தினான் பாத்தியா உங்க பைக் ஸ்டாண்டுல? என் முறைம்மா இது, என் முறைன்னு. முன்னாடி நின்ன மூணு பேரை விட்டுட்டு நாலாவதா நின்ன உன்னைக் கூப்பிட்டா அவனுக்கு எரியத்தான் செய்யும். எரியட்டும். உடையப் போறது என் எலும்பு, யார் பின்னாடி உக்காரணும்னு நான்தானே முடிவு பண்ணணும்? உங்க சேர்மன் வேற, பெரிய நீதிபதியாட்டம் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு வந்து, பதினேழாம் நம்பர்தான் வேணும்னா பதினேழாம் நம்பரே கூட்டிட்டுப் போகட்டும், அம்மாவோட வாயைக் கிளறாதீங்கன்னு சொல்லிட்டுப் போறாரு. அவருக்கு அனுபவம் இருக்கு போல.

ஏன் உன்னைக் கூப்பிட்டேனா? உன் தலையில ஹெல்மெட் இருந்துச்சு. பின்னாடி உக்கார்றவங்களுக்கும் இன்னொண்ணு தொங்கவிட்டிருந்தே. மத்த மூணு பேர்ல ஒருத்தன் தன்னோட ஹெல்மெட்ல தக்காளி வாங்கி வச்சிருந்தான். போதுமா காரணம்? இப்போதைக்கு அது போதும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இந்த ஹெல்மெட்டுக்குள்ள இருக்கற வாசனை இருக்கே, கம்பாலால பாதிப் பேரோட தலை எண்ணெய் இதுக்குள்ளதான் இருக்கு. அதான் தலையில துணி கட்டி, அது மேல பிளாஸ்டிக் பை கட்டி, அது மேல இதைப் போட்டிருக்கேன். கேக்கக் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு. அதனால நீ சத்தமாப் பேசு. நான் எப்பவும் சத்தமாத்தான் பேசுவேன்.

கோவிச்சுக்காதே, இன்னொண்ணும் கேக்கணும். கிளம்பறப்ப நான் போட்ட கூச்சலை மனசுல வச்சிருக்கியா? என் புசூட்டி அங்கியோட இடுப்புத் துணி வால் மாதிரி சக்கரத்துப் பக்கம் தொங்குதுன்னு நீ பாத்தே. இந்த ஊர்ல இத்தனை வருஷமா ஒருபக்கமா உக்காந்து பைக்ல போறேன், எந்தப் பைக்காரனும் அதைப் பாத்ததில்ல. பாத்தது நல்லது. ஆனா குனிஞ்சு நீயே சொருக வந்தியே, அதான் கத்தினேன். தப்பா நெனைச்சுக் கத்தல. தொடக்கூடாது, அவ்வளவுதான். வாயால சொன்னா நானே சொருகிக்குவேன். ஏன் தொடக்கூடாதுன்னா... ஏய், அந்த வேன்காரன் உன்னை இடிக்க வர்றான் பாரு! டேய், கண்ணு எங்கடா வச்சிருக்கே, எருமை! உன்னைச் சொல்லல தம்பி, அவனைச் சொன்னேன்.

வந்தாச்சா. நமிரெம்பே ரோட்டுக்கு வந்தாலே இப்படித்தான். ஒரு வண்டி அசையாது. பாரு, எல்லா பைக்கும் நடைபாதை மேல ஏறிப் போறான். அதோ, மெத்தையைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் போறான், மெத்தை மேல ஒரு ஆள் வேற. நீ மட்டும் ஏன் நிக்கறே? ஏறேன்.

மாட்டியா? நடக்கறவங்க அப்புறம் எங்க நடப்பாங்கன்னு கேக்கறியா? நல்ல கேள்விதான். நடக்கறவங்க நடந்துதான் போய்ச் சேரட்டும், நமக்கென்ன? சரி, ரெண்டு மடங்கு குடுக்கறேன். அதுக்கும் மாட்டே. இந்த ஒருவழிப்பாதைல எதிர்ப்பக்கமாப் புகுந்தா ரெண்டு நிமிஷத்துல மேல போயிடலாம், போலீஸ்காரனும் அந்தப் பக்கம் திரும்பி வறுத்த சோளம் தின்னுக்கிட்டு நிக்கறான். அதுவும் மாட்டே. எனக்கு அவசரம்யா. அடுப்புல பீன்ஸை வச்சுட்டு வந்திருக்கேன். வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா?

பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி அடுப்பை அணைக்கச் சொல்லணுமா? போனை வேற நீட்டறான் பாரு. வேணாம், உள்ள வை. பீன்ஸ் எதுவும் வைக்கல. சும்மா சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேக்காதே. சில பேருக்குப் பொய் சொல்லிப் பாக்கற புத்தி இருக்கும், எனக்கு இருக்கு. பாவசங்கீர்த்தனத்துல மாசாமாசம் அதைத்தான் சொல்றேன், சாமியாருக்கே சலிச்சுப் போச்சு.

என்ஜினை அணைச்சுட்டியா? சரி, அப்ப இது இப்போதைக்கு நகராது. சும்மா நிக்கறதுக்குப் பேசிக்கிட்டாவது இருப்போம். எங்க வீட்டுல ஒரு கூத்து நடக்குது, சொல்றேன் கேளு. உன்கிட்ட சொல்றதுல ஒரு வசதி இருக்கு. நீ திரும்பிப் பாக்க முடியாது, ஓடவும் முடியாது.

என் பெரிய பொண்ணு இருக்கா. இருபத்தஞ்சு வயசு, நல்லாப் படிச்சவ, மாசச் சம்பளம், வெள்ளைக் கோட்டு. பேங்குல வேலை பாக்கறவன் ஒருத்தன் கேட்டான், வேணாம்னுட்டா. சிமெண்ட் கடை வச்சிருக்கறவன் கேட்டான், அவனுக்குக் கழுத்தே இல்லைன்னுட்டா. கடைசியில இவளே ஒருத்தனைக் கண்டுபிடிச்சிருக்கா. யாருன்னு நெனைக்கறே? பைக்காரன். உன்னை மாதிரியே பின்னாடி ஆளை ஏத்திக்கிட்டுப் போற பைக்காரன். கட்டினா அவனைத்தான் கட்டுவேன்னு நிக்கறா.

பைக்காரன்னா என்னம்மா கேவலமா, உழைச்சுத்தானே சாப்பிடறோம்னு நீ கேப்பே. கேட்டுட்டே, பாத்தியா. உழைப்பைப் பத்தி நான் பேசல. என் தம்பி தடேயோன்னு ஒருத்தன். நாலு வருஷம் முன்னாடி, சிநேகிதன் கல்யாணம், இவன்தான் மாப்பிள்ளைத் தோழன், நேரமாச்சுன்னு ஒரு பைக்ல ஏறினான். கோட்டு, பூ, பளபளன்னு ஷூ. ஓட்டினவன் கரும்பு லாரியை வளைவுல முந்தினான். கல்யாணத்துக்கு ரெண்டு பேருமே போய்ச் சேரல. தடேயோவுக்கு இடது கால்ல இப்ப அரை கிலோ இரும்பு இருக்கு. மழை வரப் போறதை ரேடியோவுக்கு முன்னாடி சொல்லிடுவான். அதை வச்சு ஜோக்கும் அடிப்பான். அவன் அடிப்பான், எனக்குச் சிரிப்பு வராது. மிஞ்சின அந்த ஒரு ஷூவை இன்னும் நான் தூக்கிப் போடல.

அதனாலதான் பொண்ணுகிட்ட சொன்னேன். யாரை வேணாலும் கூட்டிட்டு வா. தச்சனைக் கூட்டிட்டு வா, மீன் விக்கறவனைக் கூட்டிட்டு வா, அரசியல்வாதியைக்கூடக் கூட்டிட்டு வா. பைக்காரன் மட்டும் எங்க வாசப்படி ஏறக்கூடாது.

எல்லாரும் அப்படி இல்லைம்மாங்கறியா? ஆமாமா. ஒவ்வொருத்தனும் அதைத்தான் சொல்றான். அந்த லாரியை முந்தினவனும் அன்னைக்குக் காலையில யார்கிட்டயோ அதைச் சொல்லியிருப்பான்.

நகருது, நகருது. கிளப்பு. மெதுவாவே போ, நீதான் மெதுவாப் போற ஆளாச்சே. அந்தப் பக்கம் எண்ணெய் கொட்டியிருக்கு. பாத்தியா? சரி.

எங்க விட்டேன்? ஆங். பொண்ணு விடல. அவளோட அத்தை இருக்காளே, என் நாத்தனார் கௌடென்சியா, அவகிட்டப் போய் ஒட்டிக்கிட்டா. வழக்கம் அதுதானே, பையன் முதல்ல அத்தை வீட்டுக்குத்தானே வந்து உக்காரணும். வந்து உக்காந்திருக்கான். மறுநாள் கௌடென்சியா எங்க வீட்டுக்கு வந்து ஒரே பாட்டு. அண்ணி, பையன் தங்கம். அண்ணி, குனிஞ்ச தலை நிமிரல. அண்ணி, முட்டி போட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சான். பாத்தா, அவ உடம்புல புதுப் புசூட்டி, நீலத்துல தங்கப் பூ. யாரு வாங்கிக் குடுத்ததுன்னு கேக்கணுமா? அந்தத் துணியைப் போட்டுக்கிட்டு அவ எப்படிக் குறை சொல்லுவா? சொன்னா தையல் பிரிஞ்சுடாது?

நீயும் அத்தைக்குத் துணி குடுத்திருக்கியா? எல்லாரும்தான் குடுக்கறாங்களா? சரி சரி, பதறாதே, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல.

எங்க வீட்டுக்காரர் எப்படின்னு கேளு. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். பிள்ளைங்களுக்கு ஒரே விடைதான் இருக்கும்னு சொல்லிக் குடுக்கறவரு, வீட்டுல ஒரு விஷயத்துக்கும் விடை சொல்ல மாட்டார். நீ பெத்தவ, நீ முடிவு பண்ணு, நான் கையெழுத்துப் போடறேன். நான் எப்படி முடிவு பண்றது? பையனை அத்தை பாக்கலாம், மாமா பாக்கலாம், அண்ணன் தம்பி பாக்கலாம், தெருவுல போற நாய்கூடப் பாக்கலாம். பெத்தவ மட்டும் கிட்டப் போகக் கூடாது. பொண்ணை ஒரு போட்டோ காட்டுடின்னு கேட்டேன். காட்டினா. போட்டோலயும் ஹெல்மெட்.

என்ன இருமறே? தூசியா? முகத்துல அந்தத் துணியை இன்னும் மேல இழுத்துக் கட்டு.

இல்ல, உனக்குத் தெரியாததையா நான் சொல்றேன்? மாமியாரும் மருமகனும் தெரியாத்தனமாத் தொட்டுட்டாலே கை நடுக்கம் வரும், சாகற வரைக்கும் நிக்காதுன்னு நம்ம ஊர்ல பயப்படாதவன் யாரு? எங்க எதிர்வீட்டு வசஜ்ஜா கதை தெரியுமா? நூறு கிலோ ஆளு. பழைய டாக்ஸி ஸ்டாண்டுல வேன்ல ஏறி ஜன்னலோரமா உக்காந்திருக்காரு, ஆள் நிரம்பிடுச்சு, கடைசி இடம் இவர் பக்கத்துலதான். ஒரு அம்மா ஏறினாங்க. யாருன்னு பாத்தா மாமியார். கதவுப் பக்கம் அவங்க. இவர் என்ன பண்ணினாரு? ஜன்னல் வழியாக் குதிச்சுட்டாரு. பாதி வெளிய, பாதி உள்ள, நடுவுல தொந்தி. வெளியிலேர்ந்து வாழைக்காய் விக்கறவங்க நாலு பேர் பிடிச்சு இழுத்தாங்க. ரெண்டு ஷூவும் வேனுக்குள்ளேயே போயிடுச்சு. மாமியார் அதைத் துடைச்சு, பேப்பர்ல சுத்தி, பொண்ணுகிட்டக் குடுத்தனுப்பினாங்க. இப்பவும் ரெண்டு பேருக்கும் அவ்வளவு மரியாதை. சிரி, சிரி, ஆனா கையை ஹேண்டில்லேர்ந்து எடுக்காதே.

நான் கான்வென்ட்ல படிச்சவ, இதையெல்லாம் நம்பறேனான்னு கேக்கறியா? ஜெபமாலையையும் நம்பறேன், இதையும் நம்பறேன். எதுக்கு வம்பு?

ஆனா யோசிச்சுப் பாரு. நம்ம பொண்ணைக் கூட்டிட்டுப் போற ஆளு. அவனோட கை எப்படி, நிதானம் எப்படி, அவசரம் வந்தா என்ன பண்ணுவான், நாலு பேர் தப்பாப் போறப்ப இவன் எங்க போவான். இதெல்லாம் அத்தை வீட்டு சோபா முன்னாடி முட்டி போட்டுத் தண்ணி குடிக்கறதுல தெரிஞ்சுடுமா? குனிஞ்ச தலையை வச்சு நான் என்ன பண்ண? பைக் ஓட்டறவன் தலையை நிமித்தித்தானே வச்சிருக்கணும்?

உன் போன் அடிக்குது. எனக்கே கேக்குதுன்னா பாரேன். எடுக்கலையா? ஓட்டறப்ப எடுக்க மாட்டியா? அப்புறமும் அடிக்குதே. சரி, ஓரமா நிறுத்திட்டுப் பேசு. இங்கதான், மெங்கோ திருப்பத்துல அந்த ஆட்டுக்கறி சுடற கடைப் பக்கம் நிறுத்து. நான் இறங்கல. நீ அப்படித் தள்ளிப் போய்ப் பேசிக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

...

பேசியாச்சா? நீ பேசறதுக்குள்ள நானும் ஒரு வேலையை முடிச்சுட்டேன். சேவல் கூடைக்குள்ள அசிங்கம் பண்ணிடுச்சு. நாலு மணி நேரமா கட்டிப் போட்டிருக்கு, பாவம், அதுவும்தான் என்ன பண்ணும். கீழே ஒரு காகிதத்தை விரிச்சுட்டேன். என்ன காகிதமா? எனக்கு வேண்டாத காகிதம். நல்ல கெட்டிக் காகிதம்தான், கவரோட இருந்தது. உனக்கெதுக்கு அது? கிளம்பு.

கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன், கேட்டுச்சு. நான் என்ன பண்ண? யாரு, நீ பாத்து வச்சிருக்கற பொண்ணா? வெக்கப்படாதே. ஒரு கஸ்டமர் அம்மா ஏறியிருக்காங்க, ரேடியோ மாதிரி, அணைக்கற பொத்தானே இல்லைன்னு சொன்னே. சொல்லலைங்காதே. இந்தப் பிளாஸ்டிக் பையையும் தாண்டி நல்லாவே கேட்டுச்சு. பரவாயில்ல, எங்க வீட்டுக்காரர் இதைவிட மோசமாச் சொல்லியிருக்காரு.

அப்புறம் சொன்னியே, அதுவும் கேட்டுச்சு. என்னைப் பிடிக்காம உக்காந்திருக்காங்க, அதான் ரொம்ப மெதுவாப் போறேன், நேரமாகும், நீ ரோட்டுல நிக்காம உள்ளேயே உக்காரு, வந்து மணி அடிக்கறேன். அதைச் சொன்னே.

ஒண்ணுமில்ல. சும்மாத்தான் நிறுத்தினேன் பேச்சை. நானும் மூச்சு விட வேணாமா?

ருபாகா ஏத்தம் வந்தாச்சு. அதோ கோயில் கோபுரம். சிலுவை போட்டுக்கறேன், நீயும் போட்டுக்கோ, ஒரு கையால போட்டாப் போதும், சாமி கோவிச்சுக்காது. கத்தோலிக்கன்தானே? ஆமா, தெரியும். இல்ல, எப்படித் தெரியும், கழுத்துல கறுப்புக் கயித்துல மெடல் தொங்குதே, அதைப் பாத்துச் சொன்னேன். அது சட்டைக்குள்ளதான் இருக்கா? அப்ப காத்துல வெளியே வந்திருக்கும்.

இறங்கறதா? இல்ல, இங்க இறங்கல. கோயில் வரைக்கும்னுதான் சொன்னேன், ஆனா வீடு இன்னும் கொஞ்சம் தள்ளி. லுங்குஜ்ஜா. ஏன் திடீர்னு வண்டி இழுக்குது? பெட்ரோல் இல்லையா? இருக்கா? அப்ப ஓட்டு. அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லம்மாங்கறே. அப்படியா. ஊர் முழுக்கச் சுத்தறவனுக்கு லுங்குஜ்ஜா பழக்கம் இல்லையா? சரி, நான் வழி சொல்றேன்.

என் பொண்ணு கதையை முடிச்சுடறேன். அவ வேலையைச் சொல்லலையே, நீ முதல்லயே கேட்டிருக்கணும். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பைக்லேர்ந்து விழுந்தவன் கை, பைக்லேர்ந்து விழுந்தவன் கால், பைக்லேர்ந்து விழுந்தவன் இடுப்பு. அதையெல்லாம் படம் எடுத்து, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, கையைக் கழுவிட்டு, அதே பைக்காரங்கள்ல ஒருத்தன் பின்னாடி ஏறி வீட்டுக்கு வர்றா. இதை நான் என்னன்னு சொல்ல? கேட்டேன், எப்படிடீ உனக்குப் பயமே இல்லைன்னு. சொன்னா, அம்மா, அவர் ஸ்டாண்டுலேர்ந்து இன்னும் யாரையும் நான் படம் எடுத்ததில்ல, அவர் மத்தவங்களையும் திட்டித் திட்டி ஓட்டக் கத்துக் குடுத்திருக்கார்னு. பொண்ணா இது? என்னை மாதிரியே பேசறா.

ஏய், ஏய், ஹேண்டில் ஆடுது! நேராப் பிடி! இவ்வளவு தூரம் தண்ணி தளும்பாம கூட்டிட்டு வந்தே, இப்ப என்ன? சேவல் பயந்து இறக்கையை அடிக்குது பாரு. மெதுவா. மூச்சை இழுத்து விடு. ஆங். அப்படித்தான்.

இப்ப வலது பக்கம்... அட, நான் சொல்றதுக்கு முன்னாடியே திரும்பிட்டே. தச்சுப்பட்டறைக்குப் பின்னாடி போற இந்தச் சந்து லுங்குஜ்ஜாக்காரங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பழக்கம் இல்லாத ஊர்ல குறுக்குவழி மட்டும் தெரியுது. கை தானாத் திரும்புதோ? தினமும் சாயங்காலம் வந்தா அப்படித்தான் ஆகும்.

நிறுத்து. இங்கயே நிறுத்து. மருந்துக்கடைக்குப் பின்னாடி, இந்த மாமரத்தடியில. எப்பவும் இங்கதானே நிறுத்துவே?

எங்க வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா இந்த இடம் தெரியும். ஆளு தெரியாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் தெரியும். வண்டியோட பின்விளக்கு. எட்டு மாசமா வாழைக்காய் உரிச்சுக்கிட்டே பாக்கறேன். பொண்ணு இறங்கி நடந்து வருவா, விளக்கு அங்கயே நிக்கும். கேட்டைத் திறப்பா, நிக்கும். உள்ள வந்து தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்ட அப்புறம்தான் அது நகரும். ஒருநாள் மழை, கொட்டற மழை, அன்னைக்கும் நின்னுச்சு. நான் வேணும்னே அன்னைக்குத் தாழ்ப்பாளைப் போடாம பத்து நிமிஷம் வச்சுப் பாத்தேன். போகல. அன்னைக்கே என் பிடிவாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டுபோச்சு. ஆனா ஒரு விளக்கை நம்பிப் பொண்ணைக் குடுக்க முடியுமா? அதான் பின்னாடி ஏறி உக்காந்து பாத்துடுவோம்னு, மார்க்கெட்டுக்குப் போற சாக்குல, போட்டோல உங்க சட்டையில இருந்த பதினேழாம் நம்பரைத் தேடி...

ஐயோ, எங்க ஓடறீங்க? விழுந்துடப் போறீங்க! பொன்சியானோ! மெதுவா!

பாரேன். சாக்கடையைத் தாண்டிக் குதிச்சு அந்த வாழையிலைக் கட்டுக்குப் பின்னாடி போய் நின்னாச்சு. நான் வண்டி மேல தனியா உக்காந்திருக்கேன், சேவலும் நானும். ஆனா ஓடற ஓட்டத்துலயும் ஸ்டாண்டு போட்டு, சாவியைத் திருப்பி அணைச்சுட்டுத்தான் ஓடியிருக்கீங்க. அதையும் கணக்குல சேத்துக்கறேன்.

பயப்படாதீங்க மாப்பிள்ளை. கை நடுக்கமெல்லாம் வராது. நான் தொட்டேனா? ஒரு விரல் பட்டுதா? அதுக்குத்தானே நடுவுல சேவல். நீங்க கூடையை எடு எடுன்னு மூணு தடவை சொன்னப்பவும் எடுத்தேனா? பட்டதெல்லாம் சேவலோட மூக்குதான், அதுக்கும் உங்களுக்கும் என்ன உறவு. அதுவும் இல்லாம நீங்க எங்க வீட்டுக்கு வரவேண்டிய சனிக்கிழமை இன்னும் ஆகல. முறைப்படி நீங்க இன்னும் எனக்கு யாரோ ஒரு பதினேழாம் நம்பர். சனிக்கிழமை ஆயிட்டா அப்புறம் இந்த ஜென்மத்துல நான் உங்க வண்டியில ஏற முடியாது, உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி கையில குடுக்க முடியாது, நீங்க வர்ற ரோட்டுல நான் வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒதுங்கணும். அதனால இன்னைக்கு விட்டா வேற நாள் இல்ல. வேற எந்த அம்மாவுக்கும் இது தோணியிருக்காது. அவங்களுக்கெல்லாம் பேங்குல வேலை பாக்கற மருமகன், பின்னாடி உக்காந்து பாக்க வழியில்ல.

ஊர்க்காரங்க பாக்கறாங்கதான். பாக்கட்டும். ஏம்மா மருந்துக்கடை, உனக்கு வேலை இல்ல? உள்ள போ.

பொண்ணு கேட்டு உங்க லெட்டர் வந்து ரெண்டு வாரமாச்சு. எங்க வீட்டு ரேடியோ மேலதான் இருக்கு. கையெழுத்து நல்லா இருக்கு, ரெண்டு இடத்துல அடிச்சுத் திருத்தியிருக்கீங்க, பரவாயில்ல. பதில் வரலையேன்னு தினமும் இந்த மரத்தடியில நின்னு என் பொண்ணை நச்சரிக்கறீங்கன்னு தெரியும். எங்க வீட்டுக்காரர் நேத்து என் தொல்லை தாங்காம ரெண்டு பதில் எழுதிக் குடுத்துட்டாரு. ஒண்ணு, சனிக்கிழமை உங்க ஆளுங்களோட வாங்கன்னு. இன்னொண்ணு, மன்னிக்கணும், வேணாம்னு. ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டு, எதைக் குடுக்கணும்னு நீயே பாத்துக்கோன்னுட்டு, பேப்பர் திருத்தப் போயிட்டாரு.

அந்த இன்னொண்ணு மேலதான் மெங்கோவுலேர்ந்து சேவல் உக்காந்திருக்கு.

இதோ, மத்தது இதுதான். வண்டி சீட்டு மேல வச்சுட்டு, காத்துல பறக்காம என் தலையில இருக்கற இந்த நாத்தம் பிடிச்ச ஹெல்மெட்டை அது மேல வைக்கறேன். நான் கேட்டுக்குள்ள போன அப்புறம் வந்து எடுத்துக்கங்க. சனிக்கிழமை வாங்க. நான் உள்ளறையில இருப்பேன், நீங்க கூடத்துல இருப்பீங்க, கௌடென்சியா நீலப் புசூட்டியில நடுவுல பறப்பா. வாழையிலையில கட்டி வேகவச்ச முழுச் சேவல் உங்க முன்னாடி வரும். இதே சேவல்தான். முதுகுல கொத்தினதுக்குப் பழி வாங்கிக்கங்க. சமைச்சது யாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்களும் கேக்காதீங்க.

அப்புறம், இன்னைக்கு அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வர்றப்ப சொல்லுங்க, அந்த ரேடியோ யாருன்னு.

நான் இறங்கிட்டேன். கூடையை எடுத்துட்டேன். போறேன்.

மாப்பிள்ளை. ஒண்ணே ஒண்ணு. எட்டு மாசம் விளக்கைப் பாத்தேன், இன்னைக்கு ஒரு மணி நேரம் முதுகைப் பாத்தேன். கண்ணாடியில ரெண்டு கண்ணு தெரிஞ்சுது, அதுவும் ரோட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்துது. என் பொண்ணுக்குப் பொறக்கற பிள்ளை யார் ஜாடைன்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இந்தப் பக்கம் முழுசாத் திரும்ப வேணாம். அந்தச் சுவரைப் பாத்தே நில்லுங்க. உங்க தலையில இருக்கற ஹெல்மெட்டை மட்டும் ஒரே ஒரு தடவை கழட்டி, கொஞ்சமா, ஒருபக்கமா... மாப்பிள்ளை? கேக்குதா? மாப்பிள்ளை?